கெட்ட படமா, பொய்ப் படமா?

1969இல் பிபிசி படக்குழு ஒன்று, கொல்கத்தாவில் காளிகாட் கோயிலை ஒட்டியிருந்த ‘நிர்மல் ஹிருதய்’ இல்லத்துக்குள் நுழைந்தது. தெருவில் கிடந்து சாகும் தறுவாயில் இருப்போரை அன்னை தெரசாவின் சகோதரிகள் கொண்டுவந்து பேணும் இடம் அது. சன்னல்கள் சிறியவை, அதுவும் சுவரில் உயரத்தில். உள்ளே ஒரே மங்கல். இந்த வெளிச்சத்தில் படம் விழாது என்றே ஒளிப்பதிவாளர் கென் மாக்மில்லன் நினைத்தார். எதற்கும் எடுத்து வைப்போம் என்று எடுத்தார்கள். அது வராமல் போனால் உதவும் என்று வெளி முற்றத்து வெயிலிலும் சில காட்சிகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர் திரும்பிச் சுருளைக் கழுவிப் பார்த்தால், உள்ளே எடுத்தவைதான் இதமான ஒளியில் தோய்ந்து அழகாக வந்திருந்தன.

நிகழ்ச்சியை வழங்கிய மால்கம் மக்கரிட்ஜ் அதை அற்புதம் என்றே நம்பினார். 1971இல் வெளியான ‘சம்திங் பியூட்டிஃபுல் ஃபார் காட்’ நூலில், அந்த இல்லத்தில் நிறைந்திருக்கும் அன்பே ஒளியாகப் படச்சுருளில் பதிந்தது என்றும், ஓவியர்கள் புனிதர் தலையைச் சுற்றி வரையும் ஒளிவட்டத்துக்கு அது உறவு என்றும் எழுதினார். மாக்மில்லன் பின்னாளில் சொன்ன கதை வேறு. கோடாக் நிறுவனத்தின் புதுவகைப் படச்சுருள் அப்போதுதான் அவர்கள் கைக்கு வந்திருந்தது. சோதித்துப் பார்க்க நேரமில்லாமல் அதை அப்படியே கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முதல் திரையிடலில் கோடாக்குக்கு ஒரு வாழ்த்துச் சொல்ல அவர் வாயெடுத்தாராம். அதற்குள் மக்கரிட்ஜ் முந்திக்கொண்டு, இது தெய்வ ஒளி என்று அறிவித்துவிட்டாராம்.

மக்கரிட்ஜ் ஏமாற்றுக்காரர் அல்லர். பத்திரிகைத் தொழிலில் பழுத்தவர், கேலிக்கும் சந்தேகத்துக்கும் பேர்போனவர். 1982இல்தான் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அவருடைய நிகழ்ச்சிதான் மேலை நாடுகள் அதிகம் அறியாத ஒரு கன்னியரை உலகம் அறியச் செய்தது. ஆனால் படத்தில் அற்புதம் என்று சொல்லத்தக்கது ஒளி அல்ல. யாரும் தொடக் கூசும் உடம்பைத் தொட்டுத் துடைத்த கைகள்தான் அது. ஒளியைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் பேச்சு கைகளை விட்டுப் படச்சுருளுக்குப் போய்விட்டது. அதைவிடப் பெரிய முரண் 2007இல் வெளிவந்தது. அன்னையின் அந்தரங்கக் கடிதங்கள் நூலானபோது, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் உள்ளுக்குள் உணர்ந்தது இருளையே என்று தெரிந்தது. அவரைச் சுற்றி ஒளி கண்டவர்கள் அந்த இருளைப் பற்றிக் கேட்டிருக்கவே வழியில்லை.

1994இல் கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் ‘ஹெல்ஸ் ஏஞ்சல்’ என்ற எதிர்ப்படத்தை வழங்கினார். ஒருபக்கச் சார்பான, வசைமொழி மிகுந்த படம். தலைப்பைப் பார்த்தே பல கத்தோலிக்கர் விலகிக்கொண்டார்கள். ஆனால் மக்கரிட்ஜ் கேட்காத சில கேள்விகள், அன்னைக்கு நன்கொடை தந்தவர்கள் யார் என்பது உட்பட, அதில் இருந்தன. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவரே அன்னை தெரசாவைப் பற்றி எதையாவது உருப்படியாகத் தெரிந்துகொள்வார்.

கிறிஸ்தவர்கள் திரைப்படம் பார்ப்பது குறித்த பேச்சு நூறாண்டாக ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது. படம் சுத்தமானதா? ஆபாசம் உண்டா, வன்முறை உண்டா, தேவதூஷணம் உண்டா? பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்கும் வீட்டில் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை முதற்கேள்வியாக வைத்ததில்தான் கோளாறு. அயலானுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. கேமராவோ சாட்சி சொல்லவே பிறந்த கருவி. ஆகவே ஒரு கிறிஸ்தவர் திரையைப் பார்த்து முதலில் கேட்க வேண்டியது, இது யாரைப் பற்றியாவது பொய்ச்சாட்சி சொல்கிறதா என்பதே. அந்த அளவுகோலை வைத்தால் சபைகள் கொண்டாடிய சில படங்கள் தோற்கின்றன, தூற்றிய சில படங்கள் தேறுகின்றன.

சுத்தத்தின் அளவுகோல் எப்படி வேலை செய்தது என்பதற்கு ஹாலிவுட்டே சாட்சி. 1930இல் அமெரிக்கப் படங்களுக்கான ஒழுக்க விதித்தொகுப்பை எழுதியவர்கள் இருவர். ஒருவர் டேனியல் லார்ட் என்ற இயேசு சபைக் குரு, மற்றவர் திரைத்தொழில் பத்திரிகை நடத்திய மார்ட்டின் குவிக்லி என்ற கத்தோலிக்கர். 1934 முதல் அதைக் கறாராக நடைமுறைப்படுத்திய ஜோசப் பிரீனும் கத்தோலிக்கரே. அதே காலத்தில் அமெரிக்க ஆயர்கள் தொடங்கிய ‘லீஜன் ஆஃப் டீசன்சி’ இயக்கம், தகாத படங்களைப் பார்க்க மாட்டோம் என்று கோயில்களில் மக்களை உறுதிமொழி எடுக்க வைத்தது. 1936இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் சுற்றுமடல் எழுதி அதைப் பாராட்டினார்.

இனி இரண்டு படங்களைப் பாருங்கள். விட்டோரியோ டி சிக்காவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ அமெரிக்காவுக்கு வந்தபோது பிரீன் அனுமதி முத்திரை தர மறுத்தார். சிறுவன் சுவரோரம் சிறுநீர் கழிக்கப் போகும் காட்சியும், திருடனைத் துரத்தி விலைமாதர் விடுதிக்குள் நுழையும் காட்சியும் நீங்க வேண்டும் என்றார். டி சிக்கா நீக்கவில்லை. சைக்கிள் போனால் பிழைப்பே போகும் என்ற ஓர் ஏழையின் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தப் படத்தில் இருந்தது. தணிக்கையாளர் கண்ணில் பட்டது சுவரோரம் நின்ற பையன். இன்னொன்று ரோபர்ட்டோ ரொசெல்லினியின் ‘தி மிராக்கிள்’. வழிப்போக்கன் ஒருவனைப் புனித யோசேப்பு என்று நம்பிக் கருவுறும் ஏழைப் பெண்ணின் கதை. 1951இல் நியூயார்க்கில் கர்தினால் ஸ்பெல்மன் அதைக் கண்டித்தார், அரங்கின் முன் மறியல் நடந்தது, மாநில அரசு உரிமத்தைப் பறித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், திரைப்படமும் கருத்துரிமைக்கு உட்பட்டதே என்ற 1952ஆம் ஆண்டுத் தீர்ப்பில் முடிந்தது. தடை கேட்டவர்களின் புண்ணியத்தில் அமெரிக்க சினிமாவுக்குச் சுதந்திரம் கிடைத்தது.

1995இல் சினிமாவின் நூற்றாண்டை ஒட்டி வத்திக்கான் 45 படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. சமயம், விழுமியங்கள், கலை என மூன்று பிரிவு. அதில் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ இருந்தது. ரொசெல்லினியின் வேறு இரு படங்களும் இருந்தன. கடவுளின் மௌனத்தோடு மல்லுக்கட்டிய பெர்க்மனும், சமயத்தைச் சீண்டிக்கொண்டே இருந்த பூனுவேலும் இடம்பெற்றார்கள். அரை நூற்றாண்டுக்குள் அளவுகோல் மாறிவிட்டது. அந்த மாற்றத்தைச் சாதாரண சபையாருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான் சங்கடம்.

தமிழ்நாட்டில் இந்தக் குழப்பத்துக்குத் தனி வரலாறே உண்டு. திருச்சியில் ரயில்வே வரைவாளராக வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் துய்ப்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். அவர் கொண்டுபோன படங்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. 1914இல் கோவையில் ‘வெரைட்டி ஹால்’ கட்டியவரும் அவரே. ஏறக்குறைய அதே காலத்தில் பம்பாயில் ஒரு கொட்டகையில் இயேசு படம் பார்த்த தாதாசாகேப் பால்கேயின் மனக்கண்ணில் ஓடியது கிருஷ்ணனும் ராமனும். அந்த இருக்கையிலிருந்துதான் ‘ராஜா ஹரிச்சந்திரா’வுக்கான பாதை தொடங்கியது என்று அவரே எழுதியிருக்கிறார். இந்திய சினிமாவின் தொட்டிலருகே ஓர் இயேசு படம் நின்றிருக்க, வாலிபர் கூட்டங்களில் சினிமாவுக்குப் போவதே பாவம் என்ற பிரசங்கம் இங்கே பல பத்தாண்டுகள் ஒலித்தது. சில சபைகளில் இன்றும் ஒலிக்கிறது. அதே சபைகள் கிராமத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டி, லூக்கா நற்செய்தியை வைத்து 1979இல் எடுக்கப்பட்டு 2,000க்கும் மேற்பட்ட மொழிகளில் பேசவைக்கப்பட்ட ‘இயேசு’ படத்தைப் போட்டுக் காட்டின. மற்றவர் படம் பாவம், நம்முடைய படம் ஊழியம். இரண்டு நிலையிலும் படத்தைப் படமாகப் பார்க்கும் பழக்கம் வளரவே இல்லை.

அந்தப் பழக்கம் இல்லாததன் விலை 2004இல் தெரிந்தது. மெல் கிப்சனின் ‘தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்’ சுமார் 3 கோடி டாலரில் எடுக்கப்பட்டு உலகெங்கும் 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. வன்முறைக்காக அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ் பெற்ற படம் அது. அந்தச் சான்றிதழ் உள்ள படங்களுக்கு வாலிபரை அனுப்பாத சபைகளே அரங்கம் அரங்கமாக முன்பதிவு செய்தன. சுத்தத்தின் அளவுகோல் ஒரே நாளில் காணாமல் போயிற்று. உண்மையின் அளவுகோலையாவது எடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. படத்தின் பல காட்சிகள் நற்செய்திகளில் இல்லாதவை. கைதுசெய்த காவலர் இயேசுவைப் பாலத்திலிருந்து தள்ளிவிடுவதும், பிலாத்துவின் மனைவி மரியாவுக்குத் துணி கொடுப்பதும் அன்னா கத்தரீன் எம்மெரிக் என்ற ஜெர்மானியக் கன்னியர் கண்டதாகச் சொன்ன காட்சிகளிலிருந்து வந்தவை. அவற்றை 19ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தவர் கிளெமென்ஸ் பிரென்டானோ என்ற கவிஞர். பார்வையாளரோ அரமாயிக், லத்தீன் பேச்சைக் கேட்டு, அன்று நடந்ததையே பார்ப்பதாக நினைத்தார்.

இங்கே கேள்வி கலைச் சுதந்திரத்தைப் பற்றியது அல்ல, அயலானைப் பற்றியது. யூதத் தலைமைக் குரு கயபா இறுகிய முகத்தோடு நிற்கிறார். ரோமானிய ஆளுநர் பிலாத்து மனச்சாட்சி உறுத்தும் நல்லவராகத் தவிக்கிறார். யோசேப்பஸ், ஃபைலோ ஆகிய அக்காலத்து எழுத்தாளர்கள் காட்டும் பிலாத்து இரக்கமற்ற அதிகாரி. பாடுகளின் நாடகங்கள் யூதர் மீது வெறுப்பை வளர்த்த வரலாறு ஐரோப்பாவுக்கு நன்றாகவே தெரியும். 1634 முதல் நடந்துவரும் ஓபரம்மர்காவ் நாடகத்தை 1934இல் ஹிட்லர் வந்து பார்த்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், இயேசுவின் சாவுக்கு யூதர் அனைவரையும் குற்றவாளியாக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. பாடுகளின் நாடகங்களை மதிப்பிட வழிகாட்டும் ஆவணம் ஒன்றை 1988இல் அமெரிக்க ஆயர்களே வெளியிட்டார்கள். பேருந்து பிடித்துக் குழுவாகப் போய் அழுதுவிட்டு வந்தவர்களில் எத்தனை பேர் அதைப் புரட்டிப் பார்த்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

கிப்சன் படத்துக்கு நாற்பது ஆண்டு முன்பே வேறு வகையான இயேசு படம் வந்துவிட்டது. பியர் பாவ்லோ பசோலினி மார்க்சியவாதி, இறைநம்பிக்கை இல்லாதவர், தன்பாலின விருப்பத்தை மறைக்காதவர். ஒரு குறும்படத்தால் சமயத்தை இழிவுசெய்தார் என்று 1963இல் இத்தாலிய நீதிமன்றம் அவருக்கு நான்கு மாதச் சிறை விதித்து நிறுத்திவைத்தது. அதற்குச் சில மாதங்கள் முன், 1962 அக்டோபர் 4 அன்று, ஒரு கத்தோலிக்க அமைப்பின் அழைப்பில் அவர் அசிசியில் இருந்தார். அன்று திருத்தந்தை இருபத்து மூன்றாம் ஜான் அங்கே திருப்பயணம் வந்திருந்ததால் ஊரே நெரிசலில் திணறியது. அறையை விட்டு நகர முடியாத பசோலினி, கைக்கெட்டிய நற்செய்தியை எடுத்து ஒரே மூச்சில் படித்தார். மத்தேயு நற்செய்தியை அப்படியே படமாக்குவது என்று முடிவெடுத்தார்.

1964இல் வெளிவந்த படத்தில் மத்தேயுவின் சொற்களைத் தவிர வேறு வசனம் கிடையாது. இடம் தேடிப் பாலஸ்தீனம் போய்ப் பார்த்துவிட்டு, அது தன் படத்துக்கு உதவாது என்று திரும்பி, தென்னித்தாலியின் வறண்ட குன்றுகளில், மத்தேரா நகரத்துக் குகைவீடுகள் நடுவில் எடுத்தார். முகங்கள் அங்குள்ள விவசாயிகளுடையவை, பற்கள் போனவை, வெயிலில் வெந்தவை. இயேசுவாக நின்றவர் என்ரிக்கே இராசோக்கி என்ற பார்சிலோனா பொருளாதார மாணவர், பிராங்கோவின் சர்வாதிகாரத்துக்கு எதிராக ஆதரவு தேடி இத்தாலி வந்தவர். சிலுவையடியில் விழுந்து புலம்பும் முதிய மரியாவாக நடித்தவர் இயக்குநரின் தாய் சுசான்னா. அவருடைய இளைய மகன் குய்தோ 1945இல் போர்க்காலத்து உட்பகையில், கம்யூனிச கெரில்லாக்கள் கையாலேயே கொல்லப்பட்டவன். அந்தத் தாயின் அழுகையை நடிப்பு என்று மட்டும் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

பசோலினியின் கேமரா விசாரணைக் காட்சியில் நிற்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். அது கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறது. முன்னே நிற்பவர்களின் தோளுக்கும் தலைக்கும் நடுவே எட்டி எட்டிப் பார்க்கிறது. முற்றத்தில் ஒளிந்து நின்ற பேதுருவுக்கு எவ்வளவு தெரிந்திருக்குமோ அவ்வளவுதான் நமக்கும் தெரிகிறது. கிப்சனின் கேமராவோ சாட்டை விழும் தோலுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது, எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நம்மை நினைக்க வைக்கிறது. அங்கே இருந்திராத நாம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பதை ஒத்துக்கொள்ளும் படமே நேர்மையான சாட்சி என்பேன். படம் வெளிவந்த ஆண்டே கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பு பசோலினிக்கு விருது தந்தது. 2014இல் வத்திக்கான் நாளேடு, இயேசுவைப் பற்றிய படங்களில் இதுவே சிறந்ததாக இருக்கலாம் என்று எழுதியது. படமோ இருபத்து மூன்றாம் ஜானின் நினைவுக்கே காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது.

கதைப்படத்துக்கே இந்தக் கேள்வி பொருந்தும் என்றால், ஆவணப்படத்துக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். நடந்ததைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுப்பது அது. 1993இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, நோவாவின் பேழை கண்டுபிடிக்கப்பட்டதாக ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அராரத் மலையேறிப் பேழைக்குள்ளேயே போய் வந்ததாகச் சொன்ன ஒருவர், அதன் மரத்துண்டு என்று ஒன்றையும் காட்டினார். அவர் ஒரு நடிகர். மரத்துண்டு கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் ரயில் பாதையோரம் பொறுக்கியது, குழம்புச் சாறுகளில் ஊறவைத்து அடுப்பில் வாட்டியது. சில மாதங்களில் குட்டு வெளிப்பட்டது. தங்கள் நம்பிக்கைக்கு ஆதரவாக வந்த சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

எதிர்ப்பக்கத்திலும் அதே கதைதான். 2007இல் சிம்கா ஜேக்கபோவிச்சி இயக்கி, ஜேம்ஸ் கேமரூன் தயாரிப்பில் பங்கேற்ற ‘தி லாஸ்ட் டூம்ப் ஆஃப் ஜீசஸ்’ டிஸ்கவரி சேனலில் வந்தது. எருசலேமின் தல்பியோத் பகுதியில் கட்டட வேலையின்போது 1980இல் அகப்பட்ட கல்லறையில் பத்து எலும்புப் பேழைகள் இருந்தன. ஆறில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அவை இயேசு குடும்பத்துப் பெயர்கள், தற்செயலாக அப்படிச் சேர 600இல் ஒரு வாய்ப்புத்தான் என்றது படம். அந்தக் கணக்கு, ஒரு பெயர் மகதலா மரியாவைக் குறிக்கிறது என்ற ஊகத்தை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு போடப்பட்டது. யோசேப்பு, மரியா, இயேசு எல்லாம் அக்காலத்து எருசலேமில் தெருவுக்குத் தெரு கேட்ட பெயர்கள். கல்லறையை ஆராய்ந்து அறிக்கை எழுதிய தொல்லியலாளர் அமோஸ் குளோனரே படத்தின் முடிவை நிராகரித்தார். இந்தப் படத்தைப் பிரித்து மேய்ந்த கிறிஸ்தவ வாசகர்கள் அதே கூர்மையை நோவாவின் பேழைப் படத்துக்கும் காட்டியிருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

பொறுமையான சாட்சிக்கும் உதாரணம் உண்டு. ஜெர்மானிய இயக்குநர் பிலிப் குரோனிங் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையிலுள்ள கிராந்த் ஷார்த்ரூஸ் மடத்தைப் படமெடுக்க 1984இல் அனுமதி கேட்டார். பதினாறு ஆண்டு கழித்துப் பதில் வந்தது. துறவிகளோடு சுமார் ஆறு மாதம் தங்கி, தனியாளாக, செயற்கை விளக்கு இல்லாமல் எடுத்தார். 2005இல் வந்த ‘இன்ட்டு கிரேட் சைலன்ஸ்’ படத்தில் விளக்கவுரை இல்லை, சேர்த்த இசை இல்லை. ஒளிவட்டம் எதையும் அது கண்டுபிடிக்கவில்லை. துணி வெட்டுவதையும் பனி அள்ளுவதையும் சாப்பாடு கொண்டுபோவதையும் காட்டுகிறது.

சபைகளுக்கு மிகக் கடினமானது, தங்களையே கூண்டில் ஏற்றும் படம். ஏமி பெர்க் 2006இல் எடுத்த ‘டெலிவர் அஸ் ஃப்ரம் ஈவில்’, கலிஃபோர்னியாவில் பல சிறுவர் சிறுமியரைச் சீரழித்த ஆலிவர் ஓகிரேடி என்ற குருவைப் பற்றியது. சிறைக்குப் போய்ப் பின் அயர்லாந்துக்கு அனுப்பப்பட்ட அவரே கேமரா முன் உட்கார்ந்து, வானிலை பேசுவதுபோல் தன் செயல்களைப் பேசுகிறார். புகார் வந்தபோதெல்லாம் மேலிடம் அவரைப் பங்கு விட்டுப் பங்கு மாற்றியது எப்படி என்பதைச் சாட்சியப் பதிவுகள் காட்டுகின்றன. வீட்டுக்கு விருந்தாளியாக வந்து தங்கிய குரு தன் மகளைக் கெடுத்ததை ஒரு தகப்பன் சொல்லும் இடத்தில் பார்ப்பவர் தலைநிமிர முடியாது. குற்றவாளிக்குத் திரையில் இவ்வளவு நேரம் கொடுத்தது சரியா என்ற கேள்வி எனக்கு உண்டு. ஆனால் படம் யார் மீதும் பொய் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்களோடு நின்று போராடும் தாமஸ் டாயில் என்ற குருவையும் அது மறைக்கவில்லை. 2015இல் வந்த ‘ஸ்பாட்லைட்’ பாஸ்டன் நகரத்தின் இதே கதையைச் சொல்லி ஆஸ்கரின் சிறந்த படமானபோது, அது திருச்சபைக்கு எதிரான படம் அல்ல என்று வத்திக்கான் நாளேடே எழுதியது. பழைய சுத்தப் பட்டியலில் இந்த இரண்டு படங்களுக்கும் இடம் கிடைத்திருக்காது. பேசக்கூடாத விஷயம், பிள்ளைகள் பார்க்கக்கூடாத விஷயம் என்று ஒதுக்கியிருப்பார்கள். பேசக்கூடாது என்று ஒதுக்கியதால்தான் அது அவ்வளவு காலம் நடந்தது.

சபை மண்டபங்களில் படம் போடும் வாலிபர் சங்கத்தாருக்கும் பெண்கள் ஐக்கியத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். படம் முடிந்ததும் ஜெபம் செய்து கலைந்துவிடாதீர்கள். விளக்கைப் போட்டு அரைமணி நேரம் பேசுங்கள். இந்தப் படத்தில் யாருக்குப் பேச வாய்ப்பே தரப்படவில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். தவக்காலத்துக்குப் பசோலினியை எடுங்கள். கறுப்பு வெள்ளைப் படம், முதல் இருபது நிமிடம் இளைஞர்கள் நெளிவார்கள், பரவாயில்லை. பெர்க்கின் படத்தைப் பெரியவர்கள் மட்டும், முக்கியமாகச் சபை நிர்வாகக் குழுவினர், உட்கார்ந்து பாருங்கள். பார்த்த மறுவாரமே உங்கள் ஞாயிறு பள்ளியிலும் விடுதியிலும் படிக்கும் ஒரு பிள்ளை புகார் சொல்ல யாரிடம் போக வேண்டும் என்பதை, அந்த நபர் சபைக்கு வெளியே உள்ளவராக இருக்கும்படி பார்த்து, எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.